ஈசானிய மூலைக்கு உருண்ட எலுமிச்சம்பழம்

எங்கள் வீட்டுப் பூஜை அறையில் எலுமிச்சம்பழம் தானாக உருளும் என்று ஒரு காலத்தில் தெரு முழுக்கப் பேச்சாக இருந்தது. பேச்சைக் கிளப்பியவள் எதிர்வீட்டு அக்கா. ஆடி வெள்ளிக்கிழமை ஒன்றில் குங்குமம் வாங்கிக்கொள்ள வந்தவள், நான் விளக்குக்கு முன்னால் தரையில் வைத்த பழம் மெல்ல அசைந்து, கொஞ்சம் யோசித்து, பிறகு வடகிழக்கு மூலைக்கு உருண்டுபோய்ச் சுவரில் முட்டி நின்றதைப் பார்த்துவிட்டாள். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள்.

"இன்னாமா, இத்தினி நாளா சொல்லவே இல்ல. ஆத்தா உன் வூட்லதான் கீறா."

அடுத்த வெள்ளிக்கிழமை அவளோடு நாலைந்து பெண்கள் வந்தார்கள். ஒருத்தி தன் வீட்டிலிருந்தே பழம் கொண்டுவந்திருந்தாள். அதுவும் உருண்டது. எல்லாரும் பயபக்தியோடு கும்பிட்டார்கள். நான் மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் அந்த அறையைத் துடைத்தபோது அழுக்குத் தண்ணீரும் அதே மூலைக்குத்தான் ஓடியிருந்தது. ஆத்தா எலுமிச்சம்பழத்தில் இறங்குவாள், நம்புகிறேன். மாப்பு பிழிந்த தண்ணீரிலுமா இறங்குவாள்?

செங்கல்பட்டு ஊர் முடிந்து ஏரி தொடங்குகிற இடத்தில் எங்கள் நகர் இருந்தது. நகர் என்பது பலகையில் மட்டும்தான். பலகைக்குப் பின்னால் நேற்றுவரை நெல் விளைந்த நிலம். தொண்ணூறுகளின் நடுவில் மனை வாங்கி, மேலே செம்மண் கொட்டி மேடாக்கி, வீடு கட்டிக் குடிவந்தோம். செம்மண்ணுக்கு அடியில் இருந்தது சுத்தக் களிமண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கி வாயைப் பிளக்கும். ஒரு கோடையில் என் தையல் கத்தரி தவறி விழுந்து கொல்லைப்பக்கத்து வெடிப்பு ஒன்றுக்குள் போய்விட்டது. என் வீட்டுக்காரர் குடைக்கம்பியை வளைத்துத் தூண்டில் போட்டு எடுத்துத் தந்தார். அந்த மண்மேல்தான் வீடு நிற்கிறது என்பது இரண்டு பேருக்குமே அன்று தோன்றவில்லை.

அவருக்கு மறைமலைநகரில் வேலை. காருக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனி, தரம் பார்க்கிற பிரிவு. காலையில் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்வரை இரும்பை அளப்பார். வீட்டுக்கு வந்தால் மற்றதையெல்லாம் அளப்பார். உலகத்தில் எதுவானாலும் ஒன்று அளவுக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவுக்கு வெளியே. என் சாம்பார் உப்பு உட்பட.

எனக்கு அந்த வீட்டைப் பற்றி ஒரே ஆசைதான் இருந்தது. மேலே ஒரு மாடி எழும்ப வேண்டும். மாடி மோகம் ஒன்றும் இல்லை, தங்கை வந்து என்னோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். அவள் சிவில் டிப்ளமோ படித்துவிட்டுக் கட்டட வேலையில் சேர்ந்தவள். ஓசூர், கோயம்புத்தூர், நெல்லூர் என்று சைட் போகிற ஊரெல்லாம் அவளுக்கு வாடகை வீடு. என் கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்தாற்போல ஒரு வாரம்கூட ஒரு கூரைக்குக் கீழ் இருந்ததில்லை. எஸ்.டி.டி. பூத்தில் நின்றுதான் பேச்சு. சிவப்பு எண்கள் ஓடுகிற மீட்டரையே பார்த்துக்கொண்டு பேசினால் என்ன பேச்சு வரும்? சௌக்கியமா, சாப்பிட்டியா, வச்சிடறேன். முக்கியமானது ஒன்று ஞாபகம் வரும்போது வீட்டுக்குப் பாதி தூரம் நடந்திருப்பேன்.

அப்படிப்பட்டவளுக்கு ஒருவழியாக மாமல்லபுரத்துப் பக்கம் கடலோரம் எழும்பிய ஓட்டல் ஒன்றில் சைட் வேலை கிடைத்தது. அடுத்தடுத்து அங்கே கட்டடங்கள் வந்துகொண்டிருந்ததால் இனி நகர வேண்டியதில்லை. அவளும் அவள் கணவரும் சிற்பக் கூடங்கள் இருக்கிற தெருவில் வாடகைக்கு இருந்தார்கள். உளிச் சத்தத்தில் விடியும், சாதத்தில் கல்தூள் கடிபடும். "எங்க வீட்டு ரசத்துல பாதி பிள்ளையார் இருக்கார்" என்பாள். வருகிற தையில் எங்கள் வீட்டின்மேல் மாடி எடுப்பது, அதில் அவர்கள் குடிவருவது என்று பேசி முடித்திருந்தோம். மேலே எங்கே ஜன்னல், எங்கே சமையல் மேடை என்பதைக்கூட நான் மனசுக்குள் தைத்து முடித்துவிட்டேன். அந்த நேரத்தில்தான் பழம் உருண்டது.

பழம் கடைசியாக வந்த சேதி. அதற்கு முன்பே கதவு சொல்லியிருந்தது. கார்த்திகையில் பூஜை அறைக் கதவு இழுபட ஆரம்பித்தது. மழைக்கு மரம் உப்பும், அது வழக்கம்தான் என்று ஆசாரியைக் கூப்பிட்டு இழைத்தோம். கத்திரி வெயிலிலும் அது சேரவில்லை. வெயிலில் சுருங்காத மரம் எந்தக் காட்டில் விளைகிறது? மேலே ஒரு மூலை நிலையில் இடித்துக்கொண்டது, அதன் எதிர் மூலையில் வெளிச்சம் தெரிந்தது. உப்பின மரம் சுற்றிலும்தான் பிடிக்கும். இது கோணிக்கொண்டு பிடித்தது. கோணினது கதவு இல்லை, நிலை என்று எனக்குப் பட்டது.

நான் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள். நேரும் கோணலும் என் கண்ணுக்குத் தப்பாது. பூஜை அறை ஜன்னலின் மேல்மூலையில் ஒரு விரிசல் தொடங்கிச் சாய்வாக ஏறியிருந்தது. துணியிலும் அப்படித்தான், சதுரக் கழுத்து வைத்தால் கிழிசல் மூலையிலிருந்துதான் புறப்படும். கூடத்துச் சுவரில் முடி முடியாக நிறைய கீறல்கள் உண்டு. சுண்ணாம்பு அடித்த வருஷத்திலிருந்து அப்படியேதான் இருந்தன, அவற்றைப் பார்த்து நான் ஒருநாளும் பயந்ததில்லை. இது வேறு மாதிரி இருந்தது. கீழே மெலிந்து, மேலே போகப் போக அகன்றது. வெளியே போய்ப் பார்த்தால் அதே சுவரில் செங்கல் வரிசையைப் பிடித்துக்கொண்டு படிப்படியாக இறங்கியிருந்தது. உள்ளே சுவரடிக்கும் தரைக்கும் நடுவில் ஊதுவத்திக் குச்சி நுழைகிற அளவு இடைவெளி. எறும்புகள் அதற்குள் குடும்பமே நடத்தின.

அவரிடம் காட்டினேன். உள்ளே போய் ஃபீலர் கேஜ் எடுத்துவந்தார். விசிறிபோல விரிகிற மெல்லிய எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு கனம். கம்பெனியில் இடைவெளி பார்க்கிற சாமான். ஒவ்வொரு தகடாக விரிசலில் நுழைத்துப் பார்த்து நிமிர்ந்தார்.

"டாலரன்ஸுக்குள்ளதான் இருக்கு."

"எதோட டாலரன்ஸ்?"

"பொதுவா."

சுவர் இவ்வளவு பிளக்கலாம், அதுதான் டாலரன்ஸ் என்று எந்தக் கம்பெனி சொன்னதென்று கேட்டேன். தகடுகளை மடக்கி உறையில் போட்டார். அடுத்த மாதம் அளந்தபோது முந்தைய தகடு தொளதொளவென்று உள்ளே போனது. "போன தடவை வேற இடத்துல அளந்துட்டேன்போல" என்று சொல்லிவிட்டு, விரிசல்மேல் ஒரு நகைக்கடைக் காலண்டரை மாட்டினார். அதற்கப்புறம் காலண்டர் பக்கமே திரும்பாமல் தேதியை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வந்தாலும் நிலைக்கவில்லை. கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லாமல் வளர்ந்த மனிதர். தங்கையும் அவள் கணவரும் வந்தால் ஞாயிற்றுக்கிழமை நாலு கை சேர்ந்து சீட்டு ஆடலாம் என்று புதுச் சீட்டுக்கட்டு வாங்கி, பிரிக்காமலே பீரோவில் வைத்திருந்தார். அவரும் மாடிக்கு ஏங்கிக்கொண்டுதான் இருந்தார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையை வரச்சொன்னேன். திருக்கழுக்குன்றம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். அடைப் பாயசம் வைத்திருந்தேன். எதிர்வீட்டு அக்காவும் இருந்தாள். இவ்வளவு பெரிய சேதியை என் தங்கைக்குத் தானே சொல்ல வேண்டும் என்று காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள். பழத்தை வைத்தாள். பழம் உருண்டது. தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தவள், சுவரடியைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். எழுந்து காலண்டரைத் தூக்கினாள். கதவை இழுத்துப் பார்த்தாள். பிறகு வீட்டைச் சுற்றி வெளியே போனாள். நாங்கள் மூன்று பேரும் பின்னால் போனோம்.

பூஜை அறையின் வெளிமூலையில், சுவரை ஒட்டினாற்போல, மொட்டை மாடியிலிருந்து ஒரு குழாய் இறங்கி ஒரு குழிக்குள் போனது. அதற்கு முந்தின வருஷம் தோண்டிய குழி. கிணறெல்லாம் வற்றிப்போய், எல்லா வீட்டிலும் மழைநீர் சேகரிப்பு வைத்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் சொல்லி, ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சொல்லிப் போன நேரம். ஊரே தோண்டியது. எங்கே தோண்டுவது என்று என் வீட்டுக்காரர் வாஸ்து பார்க்கிறவரைக் கூட்டிவந்து கேட்டார். தண்ணீர் ஈசானியத்தில்தான் இருக்க வேண்டும் என்று வந்தவர் எங்கள் வீட்டின் வடகிழக்கு மூலையைக் காட்டினார். இரும்பை மயிரிழைக்கு அளக்கிற மனிதர், அந்த விரல் காட்டிய இடத்தில் அப்படியே தோண்டச் சொன்னார். குழாயும் நேராக இறங்கியது, வளைவு வேண்டியிருக்கவில்லை. ஜல்லி, கரி, மணல் எல்லாம் இலக்கணப்படி போட்டோம். அந்த ஐப்பசியில் குழி ததும்பியபோது அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இந்தக் குழியை இங்க யாரு தோண்டச் சொன்னது அத்தான்?"

"ஈசானியம்மா. தண்ணி இங்கதான் நிக்கணும்."

"மொட்டை மாடித் தண்ணி மொத்தமுமா?"

"மொத்தமும். ஒரு சொட்டு வீணாகாது."

"வீணாகலதான். எல்லாத்தையும் உங்க அஸ்திவாரம் குடிக்குது."

களிமண்ணில் தண்ணீர் கீழே இறங்காது, நின்று ஊறும், ஊறின மண் கூழாகிவிட்டால் அதன்மேல் நிற்கிற மூலை மட்டும் அமுங்கும், மற்ற மூலைகள் நின்ற இடத்திலேயே நிற்பதால் நடுவில் சுவர் கிழியும் என்று சொன்னாள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்ந்து ஏறுவது, மேலே அகலமாவது, செங்கல்லோடு படியிறங்குவது, கதவு கோணுவது, பழம் உருளுவது எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒரு குழிதான். எதிர்வீட்டு அக்கா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ ஆத்தா இல்லியா?" என்றாள். "இருக்காங்க அக்கா. அவங்கதான் பழத்தை உருட்டிக் காட்டியிருக்காங்க" என்று தங்கை சமாளித்தாள். அக்காவுக்கு முகம் மலர்ந்தது.

எனக்கு மலரவில்லை. "மாடி?" என்று கேட்டேன்.

"இப்போ கிடையாது அக்கா."

"எப்போ?"

"தெரியாது. நின்னா எடுக்கலாம். நிக்கலேன்னா எப்பவும் முடியாது."

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. வந்த கோபத்தை அவர்மேல் காட்டியிருக்க வேண்டும், வாஸ்துக்காரர்மேல் காட்டியிருக்க வேண்டும். அவள்மேல் காட்டினேன். ஊர் ஊராய் யாருக்கோ கட்டிக் கொடுக்கிறாயே, உன் அக்கா வீட்டில் ஒரு மாடி எடுக்க உனக்கு வழி தெரியாதா, உனக்கே வருகிற மனசு இல்லை என்று சொல்லிவிட்டுப் போ என்றேன். தங்கை மொட்டை மாடியை விரலால் காட்டினாள்.

"மேல நான் இருப்பேன். கீழ நீ இருப்பே. பாரம் யாரு தலைமேல வரும், சொல்லு."

பாயசத்தை ஆளுக்குக் கொஞ்சம் குடித்தோம். அவள் பஸ் ஏறிப் போனபிறகு, எனக்காகக் கொண்டுவந்த கருவாட்டுப் பொட்டலத்தை ஜன்னலில் வைத்துவிட்டுப் போயிருப்பதைப் பார்த்தேன். அழுதுகொண்டே அதை எடுத்து உள்ளே வைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடாமலே வந்தாள். கூட ஒரு மேஸ்திரி, இரண்டு ஆள். குழியைத் தூர்த்தார்கள். மூலையில் அஸ்திவாரத்துக்குப் பக்கவாட்டில் ஒரேயடியாகத் தோண்டாமல் துண்டு துண்டாகத் தோண்டி, ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் கான்கிரீட் கொடுத்தார்கள். சுவரோரம் சுற்றிலும் தண்ணீர் நிற்காமல் வெளியே ஓடச் சரிவாகச் சிமெண்டு போட்டார்கள். புதுக் குழி எங்கே என்கிற கேள்வி வந்தபோதுதான் என் வீட்டுக்காரர் நெளிந்தார். ஈசானியத்தை விட அவருக்கு மனசில்லை.

"ஈசானியம் வீட்டுக்கா, மனைக்கா அத்தான்?" என்று தங்கை கேட்டாள்.

அவர் யோசித்தார். எங்கள் வீடு தெருவிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி இருந்தது. மனையின் வடகிழக்கு மூலை கேட்டுக்குப் பக்கத்தில், சுவருக்கு வெகுதூரத்தில். குழாய்தான் நீளும். "அதுவும் ஈசானியம்தான்" என்று ஒப்புக்கொண்டார். குழி அங்கே போனது, வாஸ்துவும் கெடவில்லை, வீடும் பிழைத்தது.

விரிசலைப் பூசி மூடலாம் என்றார் மேஸ்திரி. தங்கை விடவில்லை. பூசினால் விரிசல் மறையுமே தவிர நிற்காது என்று சொல்லி, பையிலிருந்து மெல்லிய கண்ணாடித் துண்டுகளை எடுத்தாள். சைட்டில் ஜன்னலுக்கு வெட்டி மிஞ்சியவை. விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு முனையிலும் சிமெண்டால் பிடித்தாள், உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. ஈரச் சிமெண்டில் ஆணியால் தேதி கீறினாள். சுவர் ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஒரு மழையும் ஒரு கோடையும் உடையாமல் தாங்கினால் மாடி. "அதுவரைக்கும் மாடின்னு யாரும் வாயைத் திறக்கக் கூடாது" என்றாள். எனக்கு இன்னொரு கட்டளையும் போட்டாள். தினமும் கண்ணாடியைப் பார்க்கிற பொறுப்பு என்னுடையது, அத்தானை நம்பி விடக் கூடாது.

எதிர்வீட்டு அக்கா அந்தக் கண்ணாடியைப் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருக்கிறது, மேலே ஏதோ எழுதியிருக்கிறது, நான் தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து அதன் முன்னால் நிற்கிறேன். அவளுக்கு வேறு என்ன தோன்றும்? மறுநாள் வெளிக் கண்ணாடிக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, தடுக்கத் தோன்றவில்லை. தங்கை வைத்த காவலுக்கு ஆத்தாவும் துணையிருந்தால் நல்லதுதானே. வெள்ளிக்கு வெள்ளி குங்குமம் கனத்துக்கொண்டே போனது.

ஐப்பசி பிறந்தது. மழை அந்த வருஷம் விடாமல் பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பித் தெருவில் முழங்கால் தண்ணீர், கம்பெனி பஸ் வரவில்லை. ஜன்னல் வழியாகப் புதுக் குழியைப் பார்த்து அவர் பெருமைப்பட்டார், நான் பயந்தேன். காலையில் மழை கொஞ்சம் விட்டதும் குடையை எடுத்துக்கொண்டு வெளிமூலைக்குப் போனேன். கண்ணாடியின் நடுவில், மேலிருந்து கீழ்வரை, ஒரு கோடு ஓடியிருந்தது.

துணி துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மாடி போயிற்று. தங்கைக்கு இனி ஆயுசுக்கும் வாடகை வீடுதான், எனக்கு ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாகத்தான் அவள். "உடைஞ்சுபோச்சு" என்று கூப்பிட்டதும் அவர் கேஜோடு ஓடிவந்தார். இருப்பதிலேயே மெல்லிய தகட்டைக் கோட்டின்மேல் வைத்து அழுத்தினார். நுழையவில்லை. திருப்பி வைத்து அழுத்தினார்.

"உள்ள போகமாட்டேங்குது."

"நல்லாப் பாருங்க."

"பார்த்துட்டுதான் சொல்றேன். கேப்பே இல்ல."

நான் எழுந்து புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தேன். கோடு தலைப்போடு வந்துவிட்டது. அத்தனை வெள்ளிக்கிழமைக் குங்குமமும் சாரலில் கரைந்து நேர்க்கோடாக வழிந்திருந்தது. கண்ணாடி முழுசாக இருந்தது. இரண்டு பேரும் மழையில் நின்று சிரித்தோம். அவர் கேஜை நெற்றியில் ஒற்றிக்கொண்டார். தண்ணீரில் புடவையைத் தூக்கிப் பிடித்தபடி கேட்டருகே வந்த எதிர்வீட்டு அக்கா கேட்டாள்: "இன்னாமா, நாளும் கிழமையுமா சாமியத் தொட்சிகினு கீறே?"

கோடையும் போயிற்று. கண்ணாடி உடையவில்லை, கதவு மேலும் கோணவில்லை. தங்கை வந்து தூக்குநூல் பிடித்துப் பார்த்துவிட்டு, "மாடின்னு இப்போ சொல்லலாம்" என்றாள். அதன்பிறகு விரிசலை அடைத்துத் தரையைச் சமமாகப் போட்டு, அதிகப் பாரம் வேண்டாம் என்று அளவான மாடியாக அவளே நின்று எடுத்தாள். உள்பக்கத்துக் கண்ணாடியை மட்டும் பெயர்க்க நான் விடவில்லை. பெயிண்டர் முணுமுணுத்துக்கொண்டே அதைச் சுற்றி அடித்தார்.

தங்கையும் அவள் கணவரும் மாடியில் பால் காய்ச்சிய அன்று எதிர்வீட்டு அக்கா ஒரு எலுமிச்சம்பழத்தோடு வந்தாள். கீழே பூஜை அறையில் வைத்துப் பார்த்தாள். பழம் வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. "நின்னுபோச்சே" என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டு மேலே சாப்பிடப் போனாள். எல்லாரும் மேலே இருந்தார்கள். சீட்டுக்கட்டைப் பிரிக்கிற அவசரத்தில் என் வீட்டுக்காரர் கைகூடக் கழுவவில்லை என்று பிறகு தெரிந்தது. நான் மட்டும் கீழே விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். தலைக்குமேல் நடமாடுகிற சத்தம் கேட்டது. குதிகால் அழுந்துகிற அந்த நடையைச் சின்ன வயசிலிருந்து எனக்குத் தெரியும். பழக்கதோஷத்தில் கண் கண்ணாடிக்குப் போனது. முழுசாகத்தான் இருந்தது. சந்தோஷத்தில் எனக்கு அழுகை வந்தது.

மாடிப்படியிலிருந்து தங்கை குரல் கொடுத்தாள்.

"அக்கா, டீ வடிகட்டி இருக்கா? எதையும் தேடி எடுக்க முடியல."

"இருக்கு. எடுத்துட்டு வரேன்."

எந்த மீட்டரும் ஓடவில்லை. சௌக்கியமா என்று இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.